சேர்ந்து படித்தால் விலை கூடுமா? காந்தலூர் விவசாயிக்கு ஒரு பதில்

கேரளத்தின் இடுக்கி மலையில் உள்ள காந்தலூரிலிருந்து ஒரு விவசாயி கேட்ட கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "காந்தலூரில் முக்கால் ஏக்கரில் பூண்டும் பீன்ஸும் போடுகிறேன். விதைக்கும் உரத்துக்கும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறேன். விளைந்ததை அவரிடமே கொடுக்கிறேன். பயிற்சி முகாம் என்றால் போய் உட்காருகிறேன். பையும் குறிப்பேடும் தருகிறார்கள், வேறெதுவும் மாறவில்லை. இப்போது சமூகம் சார்ந்த கற்றல், சிறு விவசாயிகளுக்கு அதிகாரம் என்று பேசிக்கொண்டு வருகிறார்கள். பத்துப் பேர் சேர்ந்தால் உண்மையிலேயே ஏதாவது நடக்குமா, இல்லை இதுவும் இன்னொரு பைதானா?"

நடக்கும். ஆனால் படிப்பு முடிந்த மறுநாள் நீங்கள் பத்துப் பேரும் சேர்ந்து எடுக்க வேண்டிய ஒரு முடிவு இருந்தால்தான் நடக்கும். மருந்து அடிப்பதா வேண்டாமா, யாரிடம் கடன் வாங்குவது, யாருக்கு விற்பது என்று ஏதாவது ஒரு முடிவு. அப்படி ஒன்று கையில் இல்லாமல் நடக்கும் பயிற்சி எவ்வளவு நல்ல பயிற்சியாக இருந்தாலும் பையோடு வீட்டு ஆணியில் தொங்கிவிடும். கேரள எல்லையின் இரு பக்கமும் விவசாயக் குழுக்களோடு பல காலம் பழகியதில் எனக்குத் தெளிவானது இது ஒன்றுதான்.

முகாம் ஏன் பயன்படவில்லை? சொல்லப்படுவது பொய் என்பதால் இல்லை. மண் பரிசோதனை செய்யுங்கள், அளவாக உரம் போடுங்கள், இடைத்தரகரைத் தவிருங்கள் என்று எல்லாம் சரியாகத்தான் சொல்கிறார்கள். முக்கால் ஏக்கர்காரருக்கு இருக்கும் சிக்கல் வேறு. ஒரு பருவம் பிசகினால் தாங்கிக்கொள்ள அவரிடம் இரண்டாவது வயல் இல்லை. நாட்டில் உள்ள நிலவுடைமைகளில் 86 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் நிலையும் இதுதான். 'புதியதை முயன்று பாருங்கள்' என்று அவரிடம் சொல்வது, 'இந்த வருடச் சோற்றைப் பந்தயம் வையுங்கள்' என்று சொல்வதற்குச் சமம். பத்துப் பேர் சேர்ந்து ஐந்து சென்டில் முயன்றால் அந்தப் பந்தயம் பத்தாகப் பங்கு பிரிகிறது. குழுவாகக் கற்பதன் முதல் லாபமே இதுதான்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு, அது தெரிந்திருப்பது நல்லது. இந்தோனேசியாவில் பூச்சிமருந்துக்கு அரசு அள்ளிக் கொடுத்த மானியத்தால் நெல்வயல்கள் மருந்தில் நனைந்தன. பூச்சி குறையவில்லை, நெல் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகியது. புகையானைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் மருந்தில் முதலில் செத்தன, புகையான் தப்பித்துப் பெருகியது. 1986-இல் அந்நாட்டு அரசு 57 வகை மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாதென்று தடை செய்தது. தடை போட்டால் மட்டும் போதாது, விவசாயி தன் கண்ணால் பார்த்து நம்ப வேண்டும் என்பதற்காக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு 1989-இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இருபது, இருபத்தைந்து பேர் வாரம் ஒரு காலை, ஒரு பருவம் முழுக்க, வயலிலேயே கூடுவார்கள். பத்தாண்டில் பத்து லட்சம் விவசாயிகள் அளவுக்கு அது பரவியது. நம் ஊர் வேளாண்மைத் துறையின் வயல்வெளிப் பள்ளிகளும் அந்த வேரிலிருந்து வந்தவைதான், பல இடங்களில் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தாலும்.

அந்தப் பள்ளி சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் ஒரு நெல்வயலை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணி, இலையில் பனி காயவில்லை. ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலுக்குள் குறுக்காக நடக்கிறார்கள். ஒரு குத்தை, அதாவது சேர்த்து நட்ட ஒரு நெற்கூட்டத்தை, கையால் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் ஒட்டியிருக்கும் புகையானை எண்ணுகிறார்கள். அதே குத்தில் ஓடும் சிலந்தியையும் எண்ணுகிறார்கள். வரப்புக்கு வந்து பெரிய தாளை விரித்து நடுவில் நெற்பயிரை வரைந்து, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சி என்று எண்ணிக்கையோடு எழுதுகிறார்கள். ஓரத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, இலை என்ன நிறம், வானம் எப்படி இருக்கிறது என்பதும் வரும். பிறகு விவாதம். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் வந்தாலே நடவடிக்கை தேவை, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. இதை மேடையில் ஒருவர் சொன்னால் மறந்து போகும். தானே எண்ணி, பக்கத்துக் குழுவோடு சண்டை போட்டு, 'இந்த வாரம் அடிக்க வேண்டாம்' என்று முடிவெடுத்தவருக்கு மறக்காது.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நட்ட சில வாரங்களில் ஒரு சிறு பாத்தியில் ஒவ்வொரு செடியிலும் கால்வாசி இலையைக் கத்தரிக்கோலால் வெட்டி விடுகிறார்கள். இலைச்சுருட்டுப் புழு தின்றது போல இருக்கும். பார்க்கிற பெரியவர்களுக்கு வயிறு எரியும், 'பயிரைக் கொல்கிறாயே' என்பார்கள். அறுவடையன்று அந்தப் பாத்தியையும் வெட்டாத பாத்தியையும் தனித்தனியாக அடித்து எடை போடுவார்கள். இளம் பருவத்தில் இழந்த இலையைப் பயிர் ஈடுகட்டிவிடுகிறது, விளைச்சல் பெரிதாகக் குறைவதில்லை. இலையில் நாலு ஓட்டையைப் பார்த்ததும் கடைக்கு ஓடும் கால் அன்றோடு நின்றுவிடும். செலவு ஒரு கத்தரிக்கோல்.

இதில் ஒரு குறையும் உண்டு, அதைத் திட்டம் கொண்டுவருபவர்கள் சொல்ல மாட்டார்கள். இந்தோனேசியாவில் ஒரே குடும்பங்களை 1991-லும் 1999-லும் ஒப்பிட்டுப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்கள், பள்ளியில் படித்தவர்களிடமிருந்து அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு அந்த அறிவு பரவியதாகத் தெரியவில்லை என்றார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. 'மருந்து அடிக்காதே' என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஏன் அடிக்க வேண்டாம் என்பதை வரப்பில் நின்று பேசி மாற்ற முடியாது. எனவே உங்கள் ஊரில் இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்பி அவர்கள் திரும்பி வந்து ஊருக்கே சொல்வார்கள் என்று யாராவது திட்டம் போட்டால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். பத்துப் பேரும் வயலில் நிற்க வேண்டும்.

ஆந்திரத்துக்காரர்கள் இந்தக் குறையை வேறு வழியில் சமாளித்தார்கள். 2004 வாக்கில் அங்கே பூச்சிமருந்தில்லா வேளாண்மையை மகளிர் சுய உதவிக் குழுக்களின் தலையில் ஏற்றினார்கள். 2014-இல் தொடங்கிய ரைத்து சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனம், 2016 முதல் இயற்கை வேளாண்மையை அதே குழுக்கள் வழியாகக் கொண்டுபோகிறது. வகுப்பெடுப்பவர் அதிகாரி அல்ல. தன் நிலத்தில் செய்து பார்த்த விவசாயியைத்தான் மற்ற ஊர்களுக்கு அனுப்புகிறார்கள். 'உன் வயலில் செய்தாயா?' என்ற கேள்விக்குப் பதில் இருப்பவர் மட்டுமே பேசலாம். 2024-இல் இந்தத் திட்டத்துக்கு மனிதநேயத்துக்கான குல்பென்கியன் பரிசு கிடைத்தது, மூவருக்குப் பகிர்ந்த பரிசு அது. குப்பம், சித்தூர்ப் பக்கம் உறவினர் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். இயற்கை வேளாண்மை பற்றி உங்களுக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் சரி, குழு எப்படி நடக்கிறது என்பதற்காகவாவது பார்க்கலாம்.

இனி பணம். இதைத் தொடாமல் சிறு விவசாயியின் அதிகாரம் பற்றிப் பேசுவது வெறும் மேடைப் பேச்சு. உங்களுக்கு அடுத்த மலையடிவாரத்திலேயே, தேனி மாவட்டத்தில், நல்ல உதாரணம் இருக்கிறது. காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற பன்னாட்டு அமைப்பு விவசாயிகளுக்கான வாழ்நாள் கற்றல் என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, தேனியில் விடியல் என்ற தன்னார்வ நிறுவனம் அதில் சேர்ந்தது. அதன் குழுக்களில் இருந்த முந்நூறு பெண்கள் அளவில் சேர்ந்து ஆடு வளர்ப்புக்கு வங்கிக் கடன் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்பது பெட்டை ஆடு, ஒரு கிடா, கூடவே ஒரு கைப்பேசி. கைப்பேசியும் கடனில்தான். அதில் ஆடு வளர்ப்புப் பற்றிய குரல் பதிவுகள் தினமும் வரும். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் மேய்ச்சல் காட்டில் ஆட்டின் பின்னால் நடந்துகொண்டே கேட்கலாம்.

இதன் சூட்சுமம் கைப்பேசியில் இல்லை. சொந்தப் பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது, தவணை கட்ட வேண்டும், ஆடு செத்தால் கடன் சாகாது. அந்த நிலையில் குடற்புழு நீக்கம் எப்போது, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி எப்போது, குட்டி விழுந்த உடனே சீம்பால் ஏன் கொடுக்க வேண்டும் என்ற செய்தி காதில் விழுந்தால் ஒரு சொல்லும் வீணாகாது. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம், அதற்குள் கேட்டது சரியா தவறா என்று குட்டியே சொல்லிவிடும். வங்கிக்கும் லாபம். படித்துக்கொண்டே வளர்ப்பவருக்குக் கொடுத்த கடன், படிக்காமல் வளர்ப்பவருக்குக் கொடுத்ததைவிடப் பத்திரம் என்று மேலாளர் நினைத்தால், அடுத்த முறை கதவு சற்று எளிதாகத் திறக்கும்.

உங்கள் மாநிலமே இந்தப் பாடத்தை இன்னும் முன்னதாகக் கற்றுவிட்டது. 1993-இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு கேரளத் தோட்டக்கலை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 2001-இல் அது கேரளக் காய்கனி ஊக்குவிப்புக் கவுன்சிலாக மாறியது, நீங்கள் வி.எஃப்.பி.சி.கே. என்று அறிந்திருப்பீர்கள். அதன் குழுக்கள் பதினைந்து முதல் இருபத்தைந்து விவசாயிகளால் ஆனவை. ஒவ்வொரு குழுவும் தங்களுக்குள்ளேயே மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறது: சாகுபடிக்கு ஒருவர், விற்பனைக்கு ஒருவர், கடனுக்கு ஒருவர். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று சங்கம் வைத்துப் பழகிய நமக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் தலைவருக்கு மாலை விழும், விற்பனைக்காரருக்கு வேலை விழும். மூன்றும் தனித்தனிப் படிப்பு, மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவை என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. குத்தகைக்காரருக்கும் கடன் கிடைக்க வழி செய்தது அதன் இன்னொரு சாதனை. கேரள அரசின் மகளிர் திட்டமான குடும்பஸ்ரீயின் பொறுப்புக் குழுக்கள் சேர்ந்து குத்தகை நிலத்தில் செய்யும் சாகுபடியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சரி, காந்தலூரில் பத்துப் பேர் எங்கே தொடங்குவது? எல்லோரும் பூச்சியில் தொடங்குவார்கள். நான் உங்களை விற்பனைச் சீட்டில் தொடங்கச் சொல்வேன்.

கடந்த பருவத்தில் வியாபாரி கொடுத்த துண்டுச் சீட்டுகளை ஒவ்வொருவரும் எடுத்து வாருங்கள். கசங்கியிருக்கும், சிலவற்றில் பென்சில் எழுத்து அழிந்திருக்கும், பரவாயில்லை. ஒரு பாயை விரித்து, ஒரே வாரத்தில் விற்ற சீட்டுகளை வரிசையாக அடுக்குங்கள். கிலோ விலையை மட்டும் பார்க்காதீர்கள். எடையில் கழிவு எத்தனை, கமிஷன் எத்தனை, சாக்கு யார் கணக்கு, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யார் தலையில், முன்பணத்தில் எவ்வளவு கழித்தார், வட்டி என்ற சொல் எங்காவது வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே தோட்டத்துப் பூண்டு, ஒரே லாரி, ஒரே நாள், ஆனால் கையில் வந்த தொகை ஒன்றாக இருக்காது. சிலர் விலையில் ஏமாந்திருப்பார்கள், சிலர் கழிவில். வட்டி வாங்காத நல்ல மனிதர் என்று நீங்கள் நினைத்தவர் அதைக் கிலோ விலையிலேயே எடுத்துக்கொண்டிருப்பார். இதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்த பள்ளிப் பிள்ளை ஒருவர் போதும். அன்று இரவு அந்தப் பத்துப் பேர் பேசிக்கொள்வதுதான் உங்கள் முதல் வகுப்பு.

இதைச் சொன்னவுடன் வியாபாரியை எதிரியாக்கிவிட வேண்டாம். அவர் நடு இரவில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் தருகிறார், நிலப் பட்டயம் கேட்பதில்லை, ஜாமீன் கேட்பதில்லை. நிலத்துக்குச் சரியான காகிதம் இல்லாதவருக்கு எந்த வங்கி அதைச் செய்கிறது? ஒரே நாளில் அவரை உதறினால் அடுத்த விதைப்புக்கு விதை இருக்காது. எனவே முன்பணத்தைத் துண்டு துண்டாகக் குறையுங்கள். முதல் வருடம் விதைப்பூண்டை மட்டும் குழுவே வைத்துக்கொள்ளட்டும். அறுவடையில் ஒவ்வொருவரும் நல்ல பூண்டாகத் தேர்ந்து ஒரு பங்கை ஒதுக்கி, புகை படும் பரணில் கட்டித் தொங்கவிட்டுக் காப்பாற்றினால், முன்பணத்தின் பெரிய காரணம் ஒன்று கழன்றுவிடும். அடுத்து உரம். நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கியில் கடன் கேட்கலாம். நிலம் இல்லாதவர், வாய்மொழிக் குத்தகைக்காரர் ஆகியோரை மனதில் வைத்து தேசிய வேளாண் வங்கியான நபார்டு உருவாக்கிய ஏற்பாடுதான் அது. உங்கள் பத்துப் பேர் அதற்கு அளவெடுத்துத் தைத்த எண்ணிக்கை.

உங்கள் பூண்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. காந்தலூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ச் சரக்கு என்ற சட்ட அங்கீகாரம், கிடைத்திருக்கிறது. ஆனால் குறியீடு தானாக விலையைக் கூட்டாது. பெரியகுளம் பக்கம் வடுகபட்டிச் சந்தையில் உங்கள் மலைப்பூண்டு மற்ற பூண்டோடு ஒரே குவியலாகக் கொட்டப்படும் வரை அது காகிதம்தான். தரம் பிரித்து, தனிச் சாக்கில், பத்துப் பேர் சரக்கு ஒன்றாகப் போனால் மட்டுமே 'இது எங்கள் பூண்டு' என்று பேரம் பேச முடியும். தரம் பிரிப்பதில்தான் குழுக்கள் உடையும். என் பூண்டு முதல் தரம், உன் பூண்டு இரண்டாம் தரம் என்று அண்ணன் தம்பிக்குள்ளேயே சொல்ல முடியாது. ஆகவே சல்லடையோ வளையமோ வைத்து அளவைக் கருவியே சொல்லும்படி செய்துகொள்ளுங்கள்.

வயல் சோதனைக்கு வந்தால், உங்கள் மலையில் நான் சுண்ணாம்பைத்தான் முதலில் எடுப்பேன். இடுக்கி மலைமண் புளிப்பு மண். புளிப்பு மிகுந்தால் போடுகிற உரத்தில் மணிச்சத்தை (பாஸ்பரஸை) மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குப் போகாது. கிருஷி பவன் என்ற உள்ளூர் வேளாண்மை அலுவலகம் மூலம் மண்ணைச் சோதித்து, அவர்கள் சொல்லும் அளவில் ஒருவர் வயலில் ஒரு பாத்திக்கு மட்டும் சுண்ணாம்பு போட்டு, அடுத்த பாத்தியைச் சும்மா விட்டு, இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். முடிவு சாதகமாக வரலாம், வராமலும் போகலாம். எடை போடும்போது பத்துப் பேரும் அங்கே இருப்பது முக்கியம். அந்த வயல்காரருக்கு நட்டம் வந்தால் குழு ஈடு செய்யும் என்று விதைக்கும் முன்பே பேசிக்கொள்வது அதைவிட முக்கியம்.

மொழியைப் பற்றிக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். காந்தலூரிலும் வட்டவடையிலும் வீட்டிலும் வயலிலும் தமிழ், அலுவலகப் படிவமும் வகுப்பும் மலையாளம். பேச்சு எல்லோருக்கும் புரியும் என்பதால் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஆனால் மானியப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? இரண்டு எழுத்தும் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது பள்ளியில் மலையாளம் படித்த மருமகளாகவோ மகளாகவோ இருக்கும். அவரைக் குழுவுக்கு வெளியே உட்காரவைத்துப் படிக்கச் சொல்லாதீர்கள், உறுப்பினராகவே சேருங்கள். பூண்டு நடுவதும் களை எடுப்பதும் பதம் பார்த்துப் பிடுங்குவதும் பெண்கள். நிலம் ஆண் பெயரில் இருப்பதால் பயிற்சிக்கும் ஆணே போகிறார். நட்டவருக்குத் தெரிந்ததைக் கேட்காமல் நடாதவருக்குப் பாடம் நடத்தும் விந்தை எத்தனையோ ஊரில் பார்த்தாயிற்று. கூட்டம் போடும் நேரத்தைப் பெண்கள் முடிவு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக, உங்கள் ஊருக்கும் யாராவது வந்து விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உடனே தொடங்கலாம் என்பார்கள். 2020-இல் மத்திய அரசு பத்தாயிரம் நிறுவனங்கள் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர், மலைப்பகுதியில் 100 பேர். நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி என்றும் அப்போது அறிவித்தார்கள். பணம் நல்லதுதான். ஆனால் இலக்கை எட்டும் அவசரத்தில் ஆதார் நகலும் பங்குத் தொகையும் வாங்கிச் சேர்த்த நூறு பேருக்கு ஒருவரையொருவர் தெரியாது. தணிக்கை, ஆண்டுப் பொதுக்குழு, கம்பெனிச் சட்டப் படிவம் என்று வேலை வந்து குவியும், மூன்றாம் ஆண்டு உதவி நின்றதும் அலுவலகத்துக்குப் பூட்டு விழும். நிறுவனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பருவம் ஒரே லாரியில் சரக்கு ஏற்றி, சண்டை போட்டு, சமாதானமாகி, கணக்கு முடித்த பத்துப் பேர் குழுக்கள் உங்கள் பஞ்சாயத்தில் பத்தோ பன்னிரண்டோ உருவான பிறகு, அவை ஒன்றாகச் சேர்ந்து பதிவு செய்யட்டும். அதற்கு முன் யார் விண்ணப்பம் நீட்டினாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து மட்டும் போட வேண்டாம்.